மலை இல்லாத ஊரில் பிள்ளைகள் ஏன் மலை கீறுகிறார்கள்?

கேள்வி: பெப்ரவரி 10 (யாழ்ப்பாணம், கொக்குவிலில் இருந்து ஒரு தாய்)

மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஒரு வீடு, பக்கத்தில் தென்னை. எங்கள் பக்கம் மலையும் இல்லை, ஆறும் இல்லை. மலையை அவள் நேரில் கண்டதும் இல்லை. பார்த்துக் கீறப் பழக்குவது பிழையா? சும்மா விட்டால் தானாக வருமா? உங்கள் காலத்தில் சித்திரம் எப்படிப் படிப்பித்தார்கள்?

பெப்ரவரி 10, இரவு

அந்த மலையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது சித்திரப் பாடம் என்றால் ரீச்சர் கரும்பலகையில் ஒரு படம் கீறுவார், நாங்கள் அதைக் கொப்பியில் கீறுவோம். முதலில் இரண்டு வளைவு. நடுவில் அரைவட்டம், அதிலிருந்து கோடுகள். மலையடியில் தொடங்கி நெளிந்து வரும் ஆறு. வானத்தில் குருவிகள். வீட்டுக் கூரையில் புகைபோக்கி, அதிலிருந்து சுருள் சுருளாகப் புகை. எங்கள் வீடுகளில் அடுப்புப் புகை ஓட்டு இடுக்கால்தான் போய்க்கொண்டிருந்தது.

நாற்பது கொப்பியிலும் ஒரே படம். சிவப்புப் பேனையால் ஒரு சரி, கீழே கையெழுத்து, அவ்வளவுதான். ஒருமுறை எனக்குப் பக்கத்தில் இருந்தவள் தென்னைக்குப் பதிலாகப் பனை கீறினாள். கருக்கு மட்டை எல்லாம் வைத்து, நல்ல பனை. "பலகையில இருக்கிறதைக் கீறும்" என்று ரீச்சர் அழிறப்பரை நீட்டினார். அவள் அழித்துவிட்டுத் தென்னை கீறினாள். அந்தப் பக்கத்தில் பனையின் தடம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

ரீச்சரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரு துண்டு வெண்கட்டி, கிழமைக்கு ஒரு பாடவேளை. அவருக்கும் யாரோ பலகையில் மலை கீறித்தான் காட்டியிருப்பார்கள்.

உங்கள் கேள்விக்கு இப்போதைக்குச் சொல்லக்கூடியது: மலையை அழிக்கச் சொல்லாதீர்கள். "இந்த வீட்டில யார் இருக்கினம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பெப்ரவரி 11, காலை

நேற்று எழுதியதைப் படித்தவர்கள், பலகையைப் பார்த்துக் கீறிய தலைமுறை முழுவதும் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். இல்லை. எனக்கு அடுத்து வாய்த்த வகுப்பைச் சொன்னால் விளங்கும்.

1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைப் போல் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்குப் பின்னேரம் வகுப்பு. மண்டபம் போதாது, அதனால் சித்திரம் வேப்பமரத்தடியில். தாள் இல்லை. அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக்காலத்திலேயே தாளுக்குத் தட்டுப்பாடு. 'உதயன்' பத்திரிகை கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் உண்டு. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சித்திரத்துக்கு எங்களிடம் இருந்தது பழைய கலண்டரின் பின்பக்கமும் அடுப்புக் கரியும்தான்.

பாடம் எடுத்தவர் ஒரு கணக்கு மாஸ்டர். சித்திர ரீச்சர் எந்தப் பக்கம் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது, இவரை அனுப்பிவிட்டார்கள். அவர் பலகை பக்கம் போகவே இல்லை. "கண்ணை மூடுங்கோ. உங்கட வீட்டுப் படலையைத் திறந்து உள்ள போங்கோ. இடப்பக்கம் என்ன நிக்குது? இன்னும் ரெண்டு அடி வையுங்கோ. இப்ப என்ன தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனார். பிறகு கீறச் சொன்னார். "சேர், கிணத்தடியில எத்தினை படி?" என்று ஒருத்தி கேட்டாள். "உம்மட வீட்டுக் கிணறு, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஒரு அண்ணனும் தங்கையும் துலா எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும் என்று சண்டை பிடித்தார்கள்.

ஒரு பெடியன் ஒரு பூட்டு மட்டும் கீறியிருந்தான். தாள் நிறையப் பூட்டு. மாஸ்டர் பார்த்துவிட்டு, "திறப்பு எங்க?" என்று கேட்டார். "அம்மாட்ட." "அப்ப அதையும் கீறும்." அவன் திறப்பைப் பிடித்த ஒரு கையைக் கீறினான். விரல்கள் ஒழுங்காக வரவில்லை. கையில் இருந்த காப்பை மட்டும் அத்தனை கவனமாகக் கீறியிருந்தான்.

ஞாபகத்தில் இருந்து கீற வைக்கும் இந்த முறை கலைக் கல்வி வரலாற்றில் பழையது என்று பல வருடங்களுக்குப் பிறகு படித்தேன். இங்கிலாந்தில் டட்லி நகரப் பெண்கள் பாடசாலையில் மரியன் ரிச்சட்சன் என்ற ஆசிரியை 1912இல் தொடங்கிக் கற்பித்தார். ஒரு காட்சியை வாயால் விவரித்து, பிள்ளைகளைக் கண்ணை மூடி மனதில் காணச் சொல்லி, பிறகு கீற வைத்தார். எங்கள் மாஸ்டரைத் தாள் இல்லாத வகுப்பே அந்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு தாளை வீணாக்க முடியாது என்றால் முதலில் மனதில் கீறித்தான் ஆக வேண்டும்.

பெப்ரவரி 11, பின்னேரம்

"யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லையா? வழுக்கையாறு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. மாரியில் தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளத்தை வாங்கிக்கொண்டு அராலியில் கடல்நீரேரிக்குப் போகிறது. கோடையில் அதில் மாடு மேயும். அதை ஒரு பிள்ளை கீறினால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மாடு மேய்கிற ஆற்றை நான் எந்தச் சித்திரக் கொப்பியிலும் கண்டதில்லை.

மலை இல்லையென்றால் கீரிமலை என்ன என்று கேட்ட தம்பிக்கு: அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது. மலையைத் தேடிக்கொண்டு போகாதீர்.

பெப்ரவரி 13

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) கதைக்கு வருகிறேன். பலர் அதைத்தான் கேட்கிறார்கள்.

சித்திரத்துக்கு மூன்று பகுதி. ஒன்று எழுத்து வினாத்தாள். இன்னொன்றில் மேசையில் வைத்திருக்கும் பொருட்களைப் பார்த்துக் கீறி நிறம் தீட்ட வேண்டும். மற்றதில் தலைப்புத் தருவார்கள். காட்சியாகக் கீறலாம், அலங்கார வடிவமும் செய்யலாம்.

காட்சிக்கு ரியூசனில் எங்களுக்கு ஒரே ஒரு படம் பழக்கினார்கள். முன்னால் பெரிதாக மூன்று பேர், ஒருவரை ஒருவர் கொஞ்சம் மறைத்தபடி. இடது ஓரத்தில் மரம். பின்னால் சின்னதாக ஒரு கூட்டம், அதற்கும் பின்னால் கட்டிடம். முன்னுக்கு நிற்கிற பெண்ணின் கையில் பானையைக் கொடுத்தால் பொங்கல். கடகத்தைக் கொடுத்தால் சந்தை. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் தேர்த் திருவிழா. பையைக் கொடுத்தால் பஸ் தரிப்பிடம். அந்தப் பெண்ணின் பச்சைச் சேலையையும் சிவப்புக் கரையையும் இன்றைக்கும் அப்படியே கீறுவேன். என்னோடு அந்த ரியூசனில் இருந்த எல்லோரும் கீறுவார்கள். எங்கள் எல்லோருக்கும் நல்ல பெறுபேறு.

இதை வெறும் கெடுதி என்று தள்ளிவிட மனம் வரவில்லை. கிட்ட இருப்பது பெரிது, தூர இருப்பது சிறிது, ஒன்று மற்றதை மறைத்தால் ஆழம் தெரியும் என்பதை அந்தப் படத்தில்தான் பழகினேன். ஆனால் சந்தைத் தலைப்புக்காக நாங்கள் ஒரு நாளும் சந்தைக்குப் போகவில்லை. திருநெல்வேலிச் சந்தை நடக்கிற தூரத்தில் இருந்தது.

பொருட்களைப் பார்த்துக் கீறுவதைப் பள்ளிக்கூடத்தில் வேறொரு ரீச்சர் எடுத்தார். அவரைப் பற்றி நிறைய எழுதலாம். முதல் வகுப்பில் ஒரு செம்பைக் கொண்டுவந்து நிலத்தில் வைத்தார். "வாய் என்ன வடிவம்?" வட்டம் என்றோம். கதிரையில் வைத்தார். கொஞ்சம் தட்டை. மேசையில் வைத்தார். இன்னும் தட்டை. மேசைக்கு மேல் புத்தகங்களை அடுக்கி எங்கள் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தார். வாய் ஒரு கோடாகிவிட்டது. பிறகு அலுமாரிக்கு மேல் வைத்தார். இப்போது வாயின் உள்பக்கம் தெரியவே இல்லை, விளிம்பு மேல்நோக்கி வளைந்தது. "செம்பு மாறினதா, நீங்கள் மாறினீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார்.

அதுவரை செம்பின் வாயை எல்லோரும் முழு வட்டமாகக் கீறி அடியைத் தட்டையாக வெட்டிவிடுவோம். மனதுக்குத் தெரிந்த செம்பு அது. கண்ணுக்குத் தெரிகிற செம்பு வேறு என்று அன்றைக்குப் பிடிபட்டது. பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, செம்பின் அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று அளக்கப் பழக்கினார். கத்தரிக்காயின் கறுப்பில் ஊதாவும் நீலமும் யன்னலின் வெள்ளையும் இருப்பதைத் தேட வைத்தார். கறுப்பு நிறத்தை மூடி வைக்கச் சொல்லிவிடுவார். "கறுப்பை எடுத்தால் பிறகு பார்க்க மாட்டீங்கள்" என்பார்.

பெப்ரவரி 14

ரியூசன் படத்துக்கு அதிவிசேட சித்தி கிடைத்ததென்றால் பிறகென்ன கவலை என்று கேட்ட அண்ணாவுக்கு. பெறுபேறு பிள்ளைக்கு வேண்டும்தான், நானும் அதற்காகத்தான் பாடமாக்கினேன். கவலை வேறு இடத்தில். சித்திரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த எத்தனையோ பேர் பிறகு ஒரு தாளில் கோடு போட்டதே இல்லை. "எனக்குக் கீற வராது" என்று சொல்கிறார்கள். சங்கீதம் படித்தவர்கள் கோயிலில் ஒரு தேவாரமாவது பாடுகிறார்கள்.

பெப்ரவரி 17

"பிள்ளையைச் சுயமாகக் கீற விடுவது இப்போது வெளிநாட்டில் இருந்து வந்த நாகரிகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது யாழ்ப்பாணத்துக்கு நூறு வருடப் பழைய விவாதம் ஐயா.

வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிஷெக் 1897இல் சிறுவர்களுக்கு ஒரு சித்திர வகுப்புத் தொடங்கினார். பெரியவர்களின் படத்தைப் பார்த்துக் கீறாமல் பிள்ளையைத் தன் மனதில் இருப்பதைக் கீற விட வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் காற்று இலங்கைக்கும் வந்தது. 1920களில் இங்கே சித்திரத்துக்குப் பிரதம வித்தியாதரிசியாக (பாடசாலைகளை மேற்பார்வை செய்பவர்) இருந்தவர் சி. எஃப். வின்சர். அவருக்குப் பின் டபிள்யூ. ஜே. ஜி. பீலிங். இருவரும் தாங்களே ஓவியர்கள். யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடங்கினார். வின்சரின் பெயரையே வைத்தார். சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து தாங்களும் கீறிய இடம் அது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் படிப்பிக்கிறவர்களே கீறினார்கள் என்பது. குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு (1933–2000) மாஸ்டரும் அப்படித்தான். ஆசிரியர், கடைசி வரை ஓவியர். விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று வைத்து மற்றவர்களையும் கீற வைத்தவர். அவருடைய படங்கள் பல இடப்பெயர்வுகளில் அழிந்துபோயின. அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறார், ஓவியராகவும் தொடர்கிறார். ஒரு மாஸ்டர் கீறிக்கொண்டிருந்தால் அது எங்கே வரை போகிறது பாருங்கள்.

என் செம்பு ரீச்சரும் எங்களோடு இருந்து கீறுவார். எங்கள் தாளின் ஓரத்தில் கை வைக்க மாட்டார், தன் தாளில் கீறிக் காட்டுவார்.

பெப்ரவரி 18, காலை

சித்திரக் கல்வி என்று பள்ளிக்கூடத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். தேர் செய்கிற ஆசாரிமாரை மறந்துவிட்டோம்.

எங்கள் கோயிலுக்குச் சித்திரத் தேர் செய்தபோது கொட்டிலில் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே முழுக்க முழுக்கப் பார்த்துச் செய்வதுதான். பழகுகிற பெடியன் பூவிதழையும் கொடியையும் மட்டும் செதுக்கிக்கொண்டிருப்பான், முகத்துக்கு அவனை விட மாட்டார்கள். ஆனால் அங்கே அளவு இருக்கிறது, அளவுக்குக் காரணம் இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம். அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரிப்பார்கள். இது அடிமட்டத்தில் இருக்கிற அங்குலம் இல்லை; உருவம் பெருத்தால் கூடப் பெருக்கும், சிறுத்தால் கூடச் சிறுக்கும். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம். பிள்ளையார் குள்ளம், அவருக்குத் தாலம் குறைவு.

நான் கேட்டேன், மேல்தட்டில் இருக்கிற உருவத்தின் தலை ஏன் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்திருக்கிறது என்று. "கீழ நிண்டு பாக்கிற ஆளுக்குத்தானே பிள்ளை செய்யிறம்" என்றார் பெரிய ஆசாரியார். செம்பை அலுமாரிக்கு மேல் வைத்த ரீச்சரும் இவரும் ஒரே பாடத்தைத்தான் சொன்னார்கள்.

பெப்ரவரி 18, கொஞ்சம் பிந்தி

காலை எழுதியதை எழுதும்போதே ஒன்று தெளிவானது, தனியாக எழுதுகிறேன். பலகை மலையும் பார்த்துச் செய்தது, தேர்க் கொடியும் பார்த்துச் செய்தது. தேர்க் கொட்டிலில் "ஏன்?" என்று கேட்டால் பதில் இருந்தது. பலகைக்கு முன்னால் கேட்கவே இடம் இல்லை. மலை ஏன் இரண்டு, சூரியன் ஏன் நடுவில், ஆறு ஏன் நெளிகிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, ஒரு ரீச்சரும் சொன்னதில்லை.

பெப்ரவரி 24

இனி எதிர்ப்பக்கம். என் மகளின் வகுப்பில் பார்த்துக் கீறுவது கிடையாது. ரீச்சர் தாளைக் கொடுத்து "விரும்பினதைக் கீறுங்கோ" என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. பிறகு அவர் வரவு இடாப்புக்கும் புள்ளிப் பதிவுக்கும் போய்விடுகிறார். அவருக்கு எழுத்து வேலை அவ்வளவு.

அந்த வகுப்பின் படங்களைப் பெற்றோர் நாளில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மலை, மலை, மலை. இடையில் சில கேக், சில இதயம், ஒரு சிலந்தி மனிதன்.

என்ன வேண்டுமென்றாலும் கீறு என்றால் பிள்ளை தனக்குப் பிழைக்காத ஒன்றைத்தான் கீறும். மலை பிழைக்காது. ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். வீட்டு நாயைக் கீறினால் "இது ஆடா?" என்று கேட்பார்கள். பலகை ரீச்சர் போட்ட மலை இங்கே பலகை இல்லாமலே வந்துவிட்டது. சித்திரக் கொப்பி அட்டையிலும் அக்காமாரின் கொப்பியிலும் இருந்து வந்திருக்கும்.

கணக்கு மாஸ்டரும் எங்களைச் சுயமாகத்தான் கீற விட்டார். ஆனால் படலையில் இருந்து கிணற்றடி வரை எங்களோடு நடந்து வந்தார். பூட்டைப் பார்த்து "நல்லது" என்று சரி போட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தக் கை வந்திராது. "திறப்பு எங்க?" என்று அவருக்கு உண்மையிலேயே அறிய ஆசை இருந்தது.

அதனால் பார்த்துக் கீறுவதா சுயமாகக் கீறுவதா என்ற சண்டையில் எனக்கு இப்போது அவ்வளவு அக்கறை இல்லை. பிள்ளை கீறினதை ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக் கேள்வி கேட்கிறதா என்பதில்தான் எனக்கு அக்கறை. நாற்பது பேரையும் ஒரு பாடவேளையில் கேட்க முடியாது என்பது தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து பேரைக் கேட்கலாம், தவணைக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும்.

மார்ச் 2

விளையாட்டுப் போட்டிக் காலம். நேற்று ஒரு பாடசாலையில் இல்ல அலங்காரம் பார்த்துவிட்டு வந்தேன். இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துச் சித்திரக் கல்வியைப் பற்றிப் பேசியது நிறைவாகாது.

பார்க்காதவர்களுக்கு: பாடசாலைப் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் அணிகள்தான் இல்லங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஒவ்வொரு இல்லமும் மைதானத்தில் தன் கூடாரத்தை அலங்கரிக்கும். கோட்டை வரும், கப்பல் வரும், கோபுரம் வரும். மூங்கில், சாக்கு, பனம்மட்டை, வைக்கோல், ரெஜிபோம், பழைய பேப்பர், கிடைக்கிற எல்லாம். நடுவர்கள் வந்து புள்ளி போடுவார்கள், பின்னேரத்தோடு எல்லாம் பிரிபட்டுவிடும்.

எங்கள் காலத்தில் எங்கள் இல்லம் யானை செய்தது. உயர்தரத்து அண்ணாமார் மூங்கிலால் கூடு கட்டினார்கள், நாங்கள் பசை காய்ச்சிப் பேப்பர் ஒட்டினோம். பின்னங்கால் கட்டும்போது பெரிய வாக்குவாதம். யானையின் பின்னங்கால் நாயின் காலைப் போல் பின்பக்கம் மடியுமா, எங்கள் முழங்காலைப் போல் முன்பக்கம் நிற்குமா? ஒருவருக்கும் தெரியாது. ஒரு அண்ணா சைக்கிளில் கோயிலுக்கு ஓடிப்போய் யானை வாகனத்தைப் பார்த்து வந்தார். "வாகனத்துக்கு நாலு காலும் தூண் மாதிரித்தான் இருக்கு" என்றார். உயிர்நூல் படித்த ஒரு அக்கா யானைக்கு முழங்கால் எங்கள் மாதிரித்தான் என்று புத்தகத்தோடு வந்து நின்றார். அப்படியே கட்டினோம். யானை நின்றது.

அங்கே ரீச்சர் மேற்பார்வைக்குத்தான் வருவார். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், பிழைத்தால் எல்லோரும் சேர்ந்து பிரித்துத் திரும்பக் கட்டினோம். கிழமைக்கு ஒரு பாடவேளையில் நடக்காத எல்லாம் அங்கே நடந்தது. நேற்றுப் பார்த்த இடத்தில் ஒரு இல்லம் வாடகைக்கு எடுத்த ஆயத்த வளைவை வைத்திருந்தது. பளபளப்பாக இருந்தது. பிள்ளைகள் அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு மனம் சரியில்லாமல் போய்விட்டது. பெற்றோரே, தயவுசெய்து அதற்குக் காசு சேர்த்துக் கொடுக்காதீர்கள். சாக்கும் மூங்கிலும் வாங்கிக் கொடுங்கள்.

மார்ச் 3

2022 நெருக்கடிக்குப் பிறகு பஸ்டல் பெட்டியும் வாட்டர் கலரும் வாங்கக் கட்டாது என்று எழுதிய தாய்க்கு. மஞ்சள் தூள், செங்கட்டித் தூள், அடுப்புக் கரி, உடுப்புக்குப் போடுகிற நீலம், சுண்ணாம்பு. வேப்பம் பிசினை இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, தூளோடு குழையுங்கள். தாளில் பிடித்து நிற்கும். மஞ்சளில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு நீர் விட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் காண்பதுதான். பிள்ளைக்கு அதுவே ஒரு மணித்தியாலம் போதும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் நீங்களே கலந்து கொடுங்கள். மஞ்சள் வெயிலில் வெளிறும், சுவரில் மாட்டுவதாக இருந்தால் நிழலில் மாட்டுங்கள்.

மார்ச் 9

எழுத்து வினாத்தாளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று ஒரு சித்திர ஆசிரியர் கேட்டிருக்கிறார். பேச எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது.

சிகிரியா, இசுருமுனியா, பொலன்னறுவை எல்லாம் குறிப்பில் இருந்து பாடமாக்கினோம். பிரதிக்குப் பிரதி எடுத்த தாளில் படங்கள் கறுப்புத் திட்டாக இருக்கும். சிகிரியாப் பெண்களும் சந்திரவட்டக்கல்லும் கிட்டத்தட்ட ஒன்றுபோல். கல் விகாரையில் கிடக்கிற புத்தர் 46 அடி என்று எழுதிப் புள்ளி வாங்கினேன். போய்ப் பார்க்க வழி இல்லை, பாதை பூட்டியிருந்த காலம்.

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்த பிறகுதான் பொலன்னறுவைக்குப் போனோம். தலைமாட்டில் இருந்து கால்மாட்டுக்கு நடந்தேன். தலையணை கல்லில் செய்தது, ஆனால் தலை வைத்த இடத்தில் பஞ்சுபோல் அமுங்கியிருந்தது. 46 என்று எழுதிய கைக்கு அந்த அமுங்கல் தெரிந்திருக்கவில்லை. அங்கேயே சிவன் கோயில்களும் இருக்கின்றன, சோழர் கல்வேலை. பஸ்ஸில் வந்த எங்கள் ஆட்கள் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு பொடியனை மட்டும் இழுத்து வைத்துச் சுவரின் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஆசிரியருக்கு என் விண்ணப்பம் இதுதான். பொலன்னறுவை தூரம், ஒத்துக்கொள்கிறேன். கோயில் வாகனசாலை பக்கத்துத் தெருவில் இருக்கிறது. தேர்முட்டி இருக்கிறது. பாடப்புத்தகத்துக் கல்லைப் பற்றிப் பேசும் முன் ஒரு பாடவேளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். மரத்தில் உளி எப்படிப் போகும் என்று கண்ட பிள்ளைக்குக் கல்லில் அந்தத் தலையணை எவ்வளவு கஷ்டம் என்று சொல்லாமலே விளங்கும்.

மார்ச் 16

கொக்குவில் தாய் எழுதியிருக்கிறார்! மகளிடம் மலை ஏன் என்று கேட்டாராம். "பின்ன, சூரியன் எங்கால வாறது?" என்றாளாம்.

இதைப் படித்துவிட்டு எத்தனை பேருக்குத் தொலைபேசியில் சொன்னேன் தெரியுமா. இத்தனை நாளும் நாங்கள் பழக்கதோஷம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளையிடம் காரணம் இருந்திருக்கிறது. சூரியன் வெளியில் வர ஒரு மறைப்பு வேண்டும். நல்ல காரணம், படத்தைக் கட்டத் தெரிந்த பிள்ளையின் காரணம்.

அம்மா, ஒரு நாள் விடிய அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கம் சூரியன் எங்கால் வருகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாலா, பனைக் கூட்டத்துக்குப் பின்னாலா. தாளும் பென்சிலும் கொண்டு போக வேண்டாம், முதல் நாள் பார்க்க மட்டும்.

மார்ச் 23

ஆறாம் ஆண்டுக்குப் போகும் மகனுக்குச் சித்திரமா, சங்கீதமா, நாடகமா என்று ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். பிள்ளையின் விருப்பம் முதல். அதற்குப் பிறகு ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரின் சித்திரக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் எல்லோரும் ஒரே படமா என்று பாருங்கள். ரீச்சரின் பேனை சரி மட்டும் போட்டிருக்கிறதா, ஒரு கேள்வியாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி இருந்தால் யோசிக்காமல் சித்திரத்துக்கு விடுங்கள். இல்லையென்றால் நாடகம் எடுப்பவர் யாரென்று விசாரியுங்கள். அவர்கள் மேடைக்குக் காட்சி செய்யும்போது பிள்ளைக்குத் தூரிகை எப்படியும் கைக்கு வரும்.